அன்னாசி ஜாமும் புளிப்புப் பாலேடும் வைத்த அடுக்குக் கேக்: செய்முறைப் பதிவு

அடுக்குக் கேக்கைப் பக்குவமாக வேகவைத்து எடுத்துவிட்டவர்களுக்கும், அதை அடுக்கிய மறுநாள் காலையில் ஒரு சோதனை காத்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் ஜாம் ஓரத்தில் வழிந்திருக்கும், கிரீம் நீர்விட்டுத் தட்டில் குளம் கட்டியிருக்கும், மேலடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். இவை மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: கேக்கின் உள்ளே இருக்கும் நீர், நாம் நினைத்த இடத்தில் நில்லாமல் வேறு இடத்துக்கு நகர்கிறது. எனவே இந்தப் பதிவில் அளவுகளைச் சொல்வதோடு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நீர் எங்கே இருக்கிறது, எங்கே போகப் பார்க்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின் அடுப்பில் செய்த அனுபவம் இது.

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஸ்மெத்தானா என்று ஒரு பால்பொருள் அன்றாடப் புழக்கத்தில் உண்டு. பாலேட்டைப் புளிக்கவைத்துச் செய்யப்படும் அதைச் சூப்பிலும் இடுகிறார்கள், மாவிலும் சேர்க்கிறார்கள், சர்க்கரை கலந்து கேக் அடுக்குகளுக்கு நடுவிலும் பூசுகிறார்கள். மேலை நாட்டுக் கடைகளில் சவர் கிரீம் என்று விற்கப்படுவது அதன் நெருங்கிய உறவு. இந்தக் கேக்குக்காக நாம் வீட்டில் உறையவைக்கும் புளிப்புப் பாலேடும் அந்த வகைதான். இந்தக் கேக் நம் மாவட்டத்துக்குப் பொருந்துவதற்கு எனக்குத் தெரிந்து ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு உலர்பழக் கேக் போதும். அது நாள்கணக்கில் வெளியில் இருந்தாலும் தாங்கும். ஈஸ்டர் வருவதோ மார்ச், ஏப்ரல் வெயிலில். அந்த வெக்கையில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பூசிய கேக்கை இரண்டாவது வாய்க்கு மேல் உண்ண முடிவதில்லை. குளிர்ச்சியான, இலேசான புளிப்புள்ள கிரீம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கிறது. குலசேகரம், அருமனைப் பக்கங்களில் இளம் ரப்பர் மரங்களுக்கு இடையே ஊடுபயிராக வளரும் அன்னாசி சாலையோரங்களில் குவியத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான்.

முதல் வேலை புளிப்புப் பாலேடு. இதை இரண்டு நாளைக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். கடையில் 25 விழுக்காடு கொழுப்புள்ள பெட்டிக் கிரீம் கிடைக்கிறது; 250 மில்லி கொண்ட பெட்டிகள் மூன்று தேவை. வீட்டுப் பாலில் சேர்த்த ஆடையையும் பயன்படுத்தலாம், அதன் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் காய்ச்சிய பாலின் ஆடை திரைதிரையாக இருப்பதால் சல்லடையில் தேய்த்து எடுத்தாலும் முழு வழவழப்பு வருவதில்லை; பூச்சுக்குப் பெட்டிக் கிரீமே மேல் என்பது என் கருத்து. கிரீமைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு, அதாவது 35 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்கி, மூடி வைத்துவிட வேண்டும். தயிரில் உள்ள நுண்ணுயிரிகள் பாலில் இருக்கும் இனிப்பை லாக்டிக் அமிலமாக மாற்ற மாற்ற, பாலின் புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு கிரீம் கெட்டியாகிறது. ஏப்ரலில் ஏழெட்டு மணி நேரத்தில் இது உறைந்துவிடும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஜூன் இரவுகளில் 12 மணி நேரம்கூட ஆகும். ஆகவே கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பது நல்லது. விளிம்பிலிருந்து ஒரே கட்டியாக விலகி வந்தால் உறைந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் தெருவில் பசு வளர்க்கும் பாட்டி ஒருவர் இந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “மக்களே, பால் திரிஞ்சு போச்சோ? வெளிய கொட்டிராத, நான் வெண்ணெ எடுத்துத் தாறேன்” என்றார். “இல்ல பாட்டி, கேக்குக்குத்தான் உறைய வெச்சிருக்கேன்” என்று ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். நாவில் வைத்துப் பார்த்தவர், “இதுல கொஞ்சம் சீனி போட்டாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். கிரீமுக்கு நான் இடுவதும் அவ்வளவுதான்.

உறைந்த பாலேட்டில் 200 கிராமை மாவுக்கென்று தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியில் கொட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் கொடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் இரவு முழுவதும் வைக்கிறேன். பலரும் விட்டுவிடும் படி இதுதான். காலையில் அடிப் பாத்திரத்தில் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிநீர் நிற்கும். இந்த நீர் இங்கே வடியாவிட்டால் நாளை கேக்கின் ஓரத்தில் வடியும். துணியில் நிற்கும் பாலேடு ஏறத்தாழ 430 முதல் 450 கிராம் வரை இருக்கும். அதில் கரண்டியைச் செருகினால் சாயாமல் நிற்க வேண்டும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

பாலேடு வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஜாமைச் செய்துவிடலாம். பச்சை அன்னாசித் துண்டுகளையே கேக் நடுவில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும். பச்சைப் பழம் பாலேட்டைத் தொட்ட இடத்தில் சில மணி நேரத்துக்குள் கிரீம் இளகிக் கசக்கத் தொடங்கிவிடும். நன்றாகக் கொதித்த பழத்தில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. இதனால்தான் ஜாமாக்கிச் சேர்க்கிறோம்.

தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசி 500 கிராமை மிகப் பொடியாக அரிந்துகொள்ள வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் நார் பிரிந்து கூழாகிவிடும், கடிக்கும்போது பழம் என்று தெரியாது. அன்னாசியில் ஜாமை உறையவைக்கும் பெக்டின் குறைவு. அதற்கு நான் கண்ட வழி கொய்யா. பழுக்கத் தொடங்கிய, இன்னும் கடினமாக இருக்கும் கொய்யா ஒன்றை நறுக்கி, ஒரு குவளை நீரில் 20 நிமிடம் வேகவைத்து, பிழியாமல் வடிகட்டிய சாற்றை அன்னாசியோடு சேர்க்கிறேன். பிழிந்தால் சாறு கலங்கும். அதனுடன் சர்க்கரை 450 கிராம், ஒரு எலுமிச்சையின் சாறு, கிராம்பு மூன்று. கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. மாறாமலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் அந்தக் கிராம்பில் எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால் மூன்றே போதும், நான்காவது போட்டால் அன்னாசியின் மணத்தை அது விழுங்கிவிடும். ஜாம் பாதி வற்றியதும் கிராம்பை எண்ணி எடுத்துவிட வேண்டும்.

அகன்ற பாத்திரமாக இருந்தால் நீர் விரைவில் ஆவியாகும், பழத்தின் நிறமும் கறுக்காது. முதலில் பெரிய நுரையாகப் பொங்கும் கொதி, வற்ற வற்றச் சிறு குமிழிகளாக மாறி, ‘பொளக் பொளக்’ என்று கனத்து வெடிக்கத் தொடங்கும். அப்போது தீயைக் குறைத்து, கை விடாமல் கிளற வேண்டும். பதம் பார்க்க, குளிர்பதனப் பெட்டியில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி இருப்பவர்களுக்கு 105 முதல் 106 பாகை. ரொட்டிக்குத் தடவும் ஜாம் இன்னும் கொஞ்சம் இளகலாக இருக்கலாம். கேக்குக்குள் போகும் ஜாம் கரண்டியைக் கவிழ்த்தாலும் உடனே விழக்கூடாது. இந்த அளவுக்கு ஏறத்தாழ 700 கிராம் ஜாம் கிடைக்கும். கேக்குக்கு 200 கிராம் போக மீதியைக் கொதிநீரில் இட்டு எடுத்த பாட்டிலில் ஊற்றி வைக்கலாம்.

கேக்குக்கு வேண்டியவை: மைதா 220 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை மூன்று, பொடித்த சர்க்கரை 180 கிராம், எடுத்துவைத்த புளிப்புப் பாலேடு 200 கிராம், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 60 கிராம், வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி. மைதாவையும் சர்க்கரையையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். குவளையில் அள்ளும் மைதா, அழுத்தி அள்ளினால் ஓர் அளவு, தூவி அள்ளினால் ஓர் அளவு.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்துத் தொடங்கும் வழக்கமான முறையை இங்கே நான் பின்பற்றவில்லை. அந்த முறையில் வெண்ணெய்தான் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதற்கு வெண்ணெய் 18 முதல் 20 பாகையில் மெழுகுபோன்ற இறுக்கத்தில் இருக்க வேண்டும். நம் சமையலறையோ 30 பாகைக்கு மேல். குழைக்கக் குழைக்க அது எண்ணெயாகிவிடுகிறது, பிடித்த காற்று வெளியேறிவிடுகிறது. முட்டையில் காற்றேற்றும் முறைக்கு நம் ஊர் வெப்பம் இடைஞ்சல் செய்யாது. உண்மையில் வெதுவெதுப்பான முட்டை நன்றாகப் பொங்கும். முட்டையையும் சர்க்கரையையும் மின் பீட்டரில் ஏழெட்டு நிமிடம் அடித்தால் கலவை வெளிறி மூன்று மடங்காகும். பீட்டரைத் தூக்கும்போது வடியும் இழை, மேலே கோலம்போல் சில நொடிகள் நின்ற பிறகே கரைய வேண்டும்.

அதில் பாலேட்டையும் வெனிலாவையும் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். பாலேட்டின் கனத்தால் நுரை கொஞ்சம் அமுங்கும். கவலைப்பட வேண்டியதில்லை, அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வெளியிடும் காற்று அதை ஈடு செய்துவிடும். சோடாவை அரைத் தேக்கரண்டிக்கு மேல் போடக்கூடாது. இந்தப் பாலேட்டின் புளிப்புக்கு அவ்வளவுதான் வேலை. மிஞ்சும் சோடா கேக்கில் சவர்க்கார வாடையைக் கொண்டுவரும். பிறகு பேக்கிங் பவுடர், சோடா, உப்பு சேர்த்துச் சலித்த மாவை மூன்று பங்காகத் தூவி, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து, கடைசியில் உருக்கிய வெண்ணெயை ஓரமாக விட்டுச் சேர்க்க வேண்டும். மாவின் வெள்ளைத் தடம் மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு இரண்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 கிராம் மாவு ஊற்றுகிறேன். என் அடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் போகும். இரண்டாவது தட்டு அதுவரை குளிர்பதனப் பெட்டியில் காத்திருக்கிறது. காத்திருந்த மாவு சற்று அடர்த்தியாக வேகும் என்பதால் அதையே கேக்கின் அடிப்பாகமாக வைக்கிறேன், மேலே வரும் சுமையை அது நன்றாகத் தாங்குகிறது. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, 170 பாகையில், நடுத்தட்டில் 25 முதல் 28 நிமிடம். சிறிய அடுப்புகளின் திருகில் எழுதியிருக்கும் பாகையும் உள்ளே இருக்கும் பாகையும் ஒத்துப்போவது அரிது; உள்ளே தொங்கவிடும் அடுப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பெரும் உதவி. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கக்கூடாது. பதம் பார்க்கக் கழுவிக் காயவைத்த ஈர்க்கே போதும். நடுவில் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். ஓரிரு உதிரி ஒட்டியிருந்தால் அதுதான் சரியான பதம், இன்னும் வைத்தால் வறண்டுவிடும். ஓ.டி.ஜி. இல்லாதவர்கள், கனத்த அடியுள்ள பிரியாணிப் பாத்திரத்தில் முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் இளந்தீயில் சூடாக்கிவிட்டுத் தட்டை உள்ளே இறக்கலாம். மேற்பரப்பு சிவக்காது, மற்றபடி கேக் நன்றாகவே வேகும். நேரம் மட்டும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடும்.

வெந்த கேக்கைத் தட்டிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி முழுவதும் ஆறவைத்து, உறை சுற்றிச் சில மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும். குளிர்ந்த கேக் உதிராமல் அறுபடும். பல் வைத்த ரொட்டிக் கத்தியால், கேக்கைச் சுற்றிக்கொண்டே ஓரத்தில் வட்டமாகக் கீறி, அந்தக் கீறலைப் பிடித்து நடுவரை அறுத்தால் இரண்டு கேக்கிலிருந்து நான்கு அடுக்குகள் கிடைக்கும். மேலே புடைத்திருக்கும் பகுதியைச் சீவியதில் வரும் துண்டுகளை உதிர்த்து, எண்ணெய் விடாத வாணலியில் பொன்னிறமாக வறுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரீமை அடுக்குவதற்குச் சற்று முன்தான் முடிக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் வைத்த பாத்திரத்தில் வடித்த பாலேட்டைப் போட்டு, மிக்ஸியில் பொடித்துச் சலித்த சர்க்கரை 70 கிராமைச் சேர்த்து, கையாலேயே ஒரு நிமிடம் கலந்தால் போதும். சர்க்கரை பாலேட்டிலிருந்து நீரை இழுக்கும். முன்கூட்டியே கலந்து வைத்தால் அந்த நேரமெல்லாம் கிரீம் இளகிக்கொண்டே இருக்கும். மின் பீட்டர் இங்கே வேண்டாம். 25 விழுக்காடு கொழுப்புள்ள பாலேடு, பேக்கரிக் கிரீம் போலப் பொங்காது. அதிகம் அடித்தால், அதுவும் நம் வெப்பத்தில், மணல்மணலாக வெண்ணெய் திரண்டுவிடும். சர்க்கரைக்குப் பதில் மார்த்தாண்டம் தேன் சேர்த்துப் பார்த்ததில் மணம் அருமையாக இருந்தது. ஆனால் தேனோடு சேர்ந்து நீரும் வருவதால் கிரீம் நெகிழ்ந்துவிடுகிறது. தேனை உண்ணும்போது மேலே சொட்டுவிட்டுக்கொள்வதே முறை.

இனி அடுக்கும் வரிசை. பெரும்பாலான செய்முறைகளில் ஒவ்வோர் இடைவெளியிலும் ஜாமைத் தடவி அதன்மேல் கிரீமைப் பூசுவார்கள். நான் அவ்வாறு செய்வதில்லை. ஜாமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அது கிரீமைத் தொட்டவுடன் கிரீமின் நீரைத் தன்பக்கம் இழுக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே வழுக்கும் படலம் ஒன்று உருவாகும். மேலடுக்கு அந்தப் படலத்தில்தான் சறுக்குகிறது. நான்கு அடுக்குகளுக்கு இடையே மூன்று இடைவெளிகள் உள்ளன. நடு இடைவெளிக்கு ஜாம் மட்டும், மேல், கீழ் இடைவெளிகளுக்குக் கிரீம் மட்டும் என்று பிரித்துவிட்டால் ஜாமும் கிரீமும் சந்திப்பதே இல்லை. ஜாம் இரண்டு பக்கமும் கேக்கையே பற்றிக்கொண்டு பசைபோல் இறுகுகிறது. கிரீமில் மிஞ்சியிருக்கும் ஈரம் கேக்குக்குள் இறங்குகிறது, அது நமக்கு வேண்டியதும்கூட. ஒரு துண்டை வெட்டி வாயில் வைக்கும்போது மூன்றும் சேர்ந்தே வருவதால் சுவையில் குறை ஏதும் இல்லை.

அடர்த்தியான கேக்கின் அடிப்பாதியை, அறுத்த முகம் மேலே பார்க்கத் தட்டில் வைத்து, 120 கிராம் கிரீமைப் பூசி, அதன் மேற்பாதியை அறுத்த முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். அறுத்த முகங்கள் இரண்டும் கிரீமைப் பார்த்து இருப்பதால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அதன்மேல், ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு, 200 கிராம் ஜாமைத் தட்டைக் கத்தியால் பரப்ப வேண்டும். மேல் அடுக்கின் கனம் அமுக்கும்போது ஜாம் ஓரம்வரை தானே போய்ச் சேரும். அடுத்து இரண்டாவது கேக்கின் அடிப்பாதி, மீண்டும் 120 கிராம் கிரீம், கடைசி அடுக்கு. உள்ளங்கையை மேலே விரித்து வைத்து மெல்ல அழுத்தி, பக்கவாட்டில் குனிந்து பார்த்துச் சாய்வு இருந்தால் அப்போதே சரிசெய்துவிட வேண்டும். மீதிக் கிரீமை மேலும் பக்கங்களிலும் மெல்லியதாகப் பூசி, வறுத்த உதிரியைப் பக்கங்களில் ஒட்டினால் வேலை முடிந்தது. தென்னிந்திய மாலை வெக்கையில் நிறங்களும் பூக்களும் இட்டு அலங்கரித்துக்கொண்டு நிற்பதைவிட, கேக்கை உடனே குளிரில் வைப்பதையே நான் விரும்புகிறேன்.

மூடியிட்டு 12 மணி நேரமாவது குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். அடுக்கிய அன்று வெட்டினால் கேக் தனியாகவும் கிரீம் தனியாகவும் நாவில் படுகிறது. மறுநாள் வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டியபோது துண்டு நேராக நின்றது. அறுத்த முகங்களில் கிரீம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கி, அந்த விளிம்பு மட்டும் சற்று வெளிறி ஈரமாகத் தெரிந்தது. நடுவில் ஜாம் தேன் நிறக் கோடாக, இரு பக்கமும் வழியாமல் இருந்தது. தட்டில் நீர் இல்லை. முதலில் பாலேட்டின் புளிப்பு, பின்னால் அன்னாசி, தொண்டைக்குப் போகும் நேரத்தில் கிராம்பின் மெல்லிய காரம் என்று சுவை வரிசையாக வந்தது. குழந்தைகளுக்குப் புளிப்பு கூடுதலாகத் தோன்றினால் கிரீமில் இன்னும் 20 கிராம் சர்க்கரை சேர்க்கலாம், அதற்கு மேல் சேர்த்தால் கிரீம் தாங்காது.

இந்தக் கேக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் நன்றாக இருக்கும். வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பால்பொருளும் நம் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. முழுக் கேக்கை உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இளகும்போது பாலேடு பிரிந்து நீர்விடும். ஆனால் கிரீம் பூசாத அடுக்குகளை உறை சுற்றி ஒரு மாதம்வரை உறைநிலையில் வைத்திருக்கலாம், பண்டிகைக்கு முந்தைய நெரிசலில் இது கைகொடுக்கும். உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோவதானால், குளச்சல், முட்டம் பக்கம் மீன் அனுப்புவதற்கென்று விற்கும் தெர்மோகோல் பெட்டியில் புதிதாக ஒன்றை வாங்கி, அடியில் உறைந்த நீர்ப்பாட்டில்களைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் அட்டை விரித்துக் கேக்கை வைத்தால், நாகர்கோவில்வரை பேருந்தில் போனாலும் அடுக்குகள் அசைவதில்லை.